இரட்டைத் தொப்பி

பிஸ்கட் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் அவளுக்குப் பெயரே தொப்பியக்காதான். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் நீலத் தொப்பியைக் கழற்றிக் காற்று வாங்குவார்கள். இவள் கழற்றவே மாட்டாள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தொப்பி! உள்ளே பேன் புழுத்துக் கிடந்தது. ஒன்றே ஒன்று பிஸ்கட்டில் விழுந்தாலும் வேலை போய்விடும் என்று பயம்.

அதைவிட வீட்டில்தான் கஷ்டம். ஏழு வயது மகள் ஒட்டிக்கொள்ள வந்தால், "தள்ளிப் போடி!" என்பாள். மூன்று மாதமாகக் குழந்தை சித்தியோடு படுக்கிறது. அம்மாவுக்குத் தன்மேல் என்னவோ கோபம் என்று அது நினைத்துக்கொண்டது, பாவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெயைத் தலையில் கொட்டி, மேலே தொப்பிகளை இறுக்கி மாட்டினாள். தோல் வெந்துபோனது. சொறிந்த இடமெல்லாம் சீழ் வைத்து, முடி சடையாக ஒட்டிக்கொண்டது. வியாழக்கிழமை வேலை மேஜையிலேயே கண் இருட்டிச் சரிந்தாள்.

கம்பெனி நர்ஸ்தான் தொப்பிகளைக் கழற்றினாள். முகம் சுளிக்கவே இல்லை!

"என்னக்கா, ஒரு ஊரே குடியிருக்கு போல?"

"பிடரியில கட்டி கட்டியா இருக்கு சிஸ்டர். கேன்சரா?"

"அட போங்கக்கா! புண்ணுக்கு நெறி கட்டியிருக்கு. புண்ணு ஆறினா தானா வடிஞ்சிரும். பேனுக்கு மருந்து எதுவும் போடலயா?"

"முன்னாடியே ஒரு தடவ போட்டேனே. எல்லாம் செத்துச்சு. மறுபடி வந்துருச்சு."

"ரெண்டாவது தடவ போட்டீங்களா?"

"ரெண்டாவதா? ஒரு தடவ போட்டா போதாதா?"

"செத்தது பேனு. ஈரு பொரிஞ்சு வராதா? ஒம்பதாம் நாள் இன்னொரு தடவ போட்டே ஆகணும்."

டாக்டர் சீழுக்கு மாத்திரையும், குறைந்திருந்த ரத்தத்துக்கு இரும்புச்சத்தும் கொடுத்தார். இடுப்பு வரை இருந்த சடையைக் கழுத்தோடு வெட்டினார்கள். கொஞ்சம் அழுதாள். புண் ஆறியதும் பேன் மருந்து, பத்து நிமிடத்தில் அலசல், பிறகு பேன்சீப்பு. பேன் முழுசாகப் போகும்வரை குடோனில் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை. அங்கே தொப்பி தேவையில்லை.

ஒன்பதாம் நாள் மறுபடி மருந்து. அடுத்த வாரம் வேலையிலிருந்து வந்தவளின் தலையை, அம்மா தள்ளி வைத்தது பேனுக்குப் பயந்துதான் என்று தெரிந்துகொண்ட மகளே டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"அம்மா, ஒண்ணு இருக்கு!"

அவளுக்கு உயிரே போய்விட்டது. தங்கை ஓடிவந்து, கிள்ளி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அடியே, அட்டைத் துணுக்குடி இது!"

மகள் அன்று இரவு சித்தியின் அறைக்குப் போய், தலையணையை இடுக்கிக்கொண்டு அம்மாவின் பாயருகே வந்து நின்றாள்.

"தள்ளிப் படும்மா. எனக்கு இடமே இல்ல."