சனிக்கிழமை நாலு மணி

ஆஸ்திரேலியாவில், லிட்கமில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற சுவீடன்காரர் ஒருவர் தனியாக இருந்தார். கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். அது 1970களின் நடுப்பகுதி, நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிது. இரண்டு பேருக்கும் ஆங்கிலம் நன்றாகவே தெரியும். வேலைக்கும் கடிதத்துக்கும் அது போதும். ஆனால் அதில் சண்டை பிடிக்கவோ, சிரிக்கச் சிரிக்கப் பகிடி விடவோ எங்களுக்கு வராது. நாங்கள் பிழை விட்டால் ஆஸ்திரேலியர்கள் மரியாதையாகச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலைத் தரும்.

அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு மணிக்கு அவருடைய குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்து, எதையாவது பிடித்து ஆங்கிலத்தில் வாதாடுவது என்று வைத்துக்கொண்டோம். ஒருவர் பிழையை மற்றவர் ஈவிரக்கமின்றித் திருத்த வேண்டும். கோபப்படுகிறவர் தேநீர்க் கோப்பைகளைக் கழுவ வேண்டும். பெரும்பாலும் நான்தான் கழுவினேன்.

"இண்டைக்கும் சண்டை பிடிக்கவோ? சரி, போய்ட்டு வாங்கோ" என்பாள் மனைவி.

நாலு வருடம் அப்படிப் போனது. பிறகு தங்கையோடு இருப்பதற்காக அவர் சுவீடனுக்கே திரும்பிவிட்டார். இனி நாள் முழுக்கத் தன் மொழியிலேயே பேசலாமே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

சில மாதங்களில் ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. தேடித் தேடிப் பார்த்தும் ஒரு பிழை அகப்படவில்லை. 'இங்கே எல்லோரும் என் மொழி பேசுகிறார்கள். சனிக்கிழமை நாலு மணிக்குத்தான் பேச ஆளில்லை' என்று முடித்திருந்தார்.

நான் எழுந்து எங்கள் குசினிக்குப் போய், கழுவுவதற்குக் கோப்பை ஏதும் கிடக்கிறதா என்று பார்த்தேன்.