ஜன்னலுக்கு வெளியே நின்று பேசியது

கொடைக்கானலில் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில், ஆறாம் அறை அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. மேல்மலையில் பூண்டு விவசாயம் செய்த குடும்பம். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே எல்லாக் கதையையும் பிடித்துவிடுவார். நான் வாய்க்குள்ளேயே மேட்ரனைத் திட்டினால்கூட, அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு சிரிப்பார். அவரை வைத்துக்கொண்டு ஒரு ரகசியம் பேச முடியாது.

கொரோனா வந்ததும் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். வேலை செய்கிறவர்களும் உள்ளேயே தங்க வேண்டும் என்றார்கள். என் வீடு பேத்துப்பாறையில். கணவர் போனில் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில் இல்லை. ம், ம் என்று சொல்லியிருப்பேன். மாஸ்க், கையுறை, தொப்பி, மேலே ஓர் அங்கி. எங்களுக்கே எங்களை அடையாளம் தெரியவில்லை.

அன்றோடு ஆறாம் அறை அம்மாவுக்கு நாங்கள் எல்லோரும் ஊமையாகிவிட்டோம். முதலில் கோபப்பட்டார்.

"ஏத்தா, நான் என்ன தப்பு பண்ணுனேன்? எதுக்கு எல்லாரும் மூஞ்சிய மூடிக்கிட்டுப் பேசாமத் திரியிறீங்க?"

நோய் என்பதற்கு என்ன சைகை செய்வது? இருமிக் காட்டினேன். எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைத்து, தன் பையிலிருந்து ஒரு சுக்குத் துண்டை எடுத்து நீட்டினார்.

அவர் அறை ஜன்னல் தோட்டத்தைப் பார்த்தது. ஒரு சாயங்காலம் டீ கொடுத்துவிட்டு வெளியே போய், மூடிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மாஸ்க்கைக் கழற்றினேன். "சாப்டீங்களாம்மா?" என்றேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வருஷத்தில் நான் கடைசியாக அழுதது அதுதான் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு தினமும் பேசினோம். மூடுபனி இறங்கினால் கண்ணாடி மங்கிவிடும். உள்ளே அவர் முந்தானையால் துடைப்பார், வெளியே நான் துடைப்பேன். பூண்டு எடுத்தாயிற்று, வண்டி கிடைக்கவில்லை என்று அவர் மகன் போனில் சொன்னதைச் சொன்னேன். "நனைய விட்டா அழுகிப்போயிரும், வெரசா விக்கச் சொல்லு" என்று உள்ளிருந்து கத்தினார்.

ஒருநாள் மேட்ரன் பார்த்துவிட்டார்.

"நடுவுல கண்ணாடி இருக்கே மேடம்" என்றேன்.

"உன்னையப் பாத்து நாளைக்கு இன்னொருத்தி கழட்டுவா. ரூல்ஸ்னா எல்லாருக்கும் ரூல்ஸ்தான்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்த வாரம்தான் இரண்டாம் அறைக்காரர் காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். வண்டியில் ஏற்றும்போது நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை. மேட்ரன் விரலை நீட்டி நீட்டி என்னைத் திட்டியதையும், நான் அவசரமாக மாஸ்க்கை மாட்டியதையும் ஆறாம் அறை அம்மா கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறமும் சில சாயங்காலங்கள் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். பிறகு அதுவும் இல்லை. பேச்சும் நின்றுவிட்டது. நாங்கள் உள்ளே போனால் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். தட்டு இருந்தால் எழுந்து உட்காருவார். மாத்திரை இருந்தால் வாயைத் திறப்பார். நானும் பேசுவதை விட்டுவிட்டேன். வேலை சீக்கிரம் முடிந்தது. வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. மார்கழியில் குழாயடியில் பாத்திரம் கழுவிய கை மாதிரி மரத்துப்போயிருந்தேன்.

இனி மாஸ்க் வேண்டாம் என்று ஒரு நாள் சொன்னார்கள். நேரே ஆறாம் அறைக்குப் போய், வெறும் முகத்தோடு அவர் எதிரே உட்கார்ந்தேன். என் கையைப் பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை. அவர் மோவாயைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினேன்.

பார்த்தார். யாரென்று தெரிந்துவிட்டது, கண் கலங்கியது. உடனே பதறிப்போய்த் தலையணைக்கு அடியில் கைவிட்டு, மடித்து வைத்திருந்த மாஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினார். எத்தனையோ மாதம் கழித்து அவர் குரலைக் கேட்டேன்.

"போட்டுக்கத்தா. அந்தம்மா பாத்தா ஏசும்."

"இனிமே யாரும் ஏச மாட்டாங்கம்மா" என்றேன்.

அவர் என் உதட்டைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய கையை இறக்கவில்லை.

வாங்கிப் போட்டுக்கொண்டேன்.