சாய்தளத்தின் முதல் பயணி

“கைப்பிடியைத் தூக்காதீங்க சார், அது தனியா கழண்டு வந்துடும். ஒதுங்கி நின்னீங்கன்னா அதுவே பெரிய உதவி.”

கண்ணாடிக் கடை வாசலில் லென்ஸ் அக்கா தினமும் யாராவது ஒருவரிடம் இதைச் சொல்கிறார். டாக்சி ஓட்டும் தம்பி டிக்கியிலிருந்து சக்கர நாற்காலியை இறக்கி, விரித்து, இரண்டு பிரேக்கையும் அழுத்தி, மிதிபலகையை ஒதுக்குவார். அதற்குப் பிறகுதான் அக்கா டாக்சி இருக்கையிலிருந்து நாற்காலிக்கு நகர்வார். அந்த ஒரு நிமிடத்துக்குள் எங்கிருந்தாவது ஒரு நல்ல மனிதர் ஓடி வந்து, கழலக்கூடிய பாகமாகப் பார்த்துப் பிடித்துவிடுவார்.

“உதவி பண்றவங்க ஓடி வர்றாங்க. என்ன வேணும்னு கேக்குறவங்கதான் வழியில எங்கயோ மாட்டிக்கிட்டாங்க” என்பார் அக்கா.

இருபத்திரண்டு வருடமாக அந்தக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர்தான். வயதில் மூத்த முதலாளிக்கும் அவர் அக்காதான். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர், எதிரில் இருந்த அக்காவை விட்டுவிட்டு, தம்பியிடம், “இவங்க டீ குடிப்பாங்களா?” என்று கேட்டார். “சர்க்கரை இல்லாம குடிப்பாங்க. சில சமயம் பேசவும் செய்வாங்க” என்று பதில் சொன்னது அக்கா.

யார் வீட்டுக்கு அழைத்தாலும் அவர் முதலில் கேட்பது, “எத்தனை படி?” கடைக்கு இரண்டு படி. தம்பி டாக்சியைத்தான் புயலாக ஓட்டுவார். நாற்காலியைத் தொட்டுவிட்டால் முட்டைத் தட்டு தூக்குகிறவர்போல் ஆகிவிடுவார். நாற்காலியைத் திருப்பி, பின்னால் சாய்த்து, பெரிய சக்கரங்களை ஒவ்வொரு படியாக இழுத்து ஏற்றுவார். ஒரு சாய்தளம் இருந்தால் இந்தப் பாடு இல்லை என்று அக்கா மூன்று வருடமாகக் கேட்டுவந்தார்.

போன வாரம் சாய்தளம் வந்தேவிட்டது. ஏற வேண்டிய உயரம் ஒரு அடி, சாய்தளத்தின் நீளம் நான்கே அடி. மேலே, முதலாளி வீட்டுக் குளியலறையில் மிஞ்சிய பளபளப்பான டைல்ஸ். குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன். பழைய படிகள் இரண்டும் அடியில் புதைந்துவிட்டன.

“எப்படி மின்னுது பாத்தீங்களாக்கா?”

“முகமே பாக்கலாம் முதலாளி.”

“இனிமே யார் தயவும் வேணாம், நீங்களே ஏறிடலாம். கஷ்டமா இருந்தா சொல்லுங்க, லென்ஸை வீட்டுக்கே அனுப்பிடறேன். நிம்மதியா உக்காந்து செய்யலாம்.”

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அக்காவின் வீட்டில் ஒரு ஜன்னல், எதிரே ஒரு சுவர். பேச்சும் சண்டையும் சிரிப்பும் எல்லாம் இந்தக் கடையில்தான் இருந்தன.

“திறந்து வைக்கிறவர்தானே முதல்ல ஏறணும்?” என்றார் அக்கா. பிரேக்கைப் போட்டு, வாசல் பெஞ்சுக்கு நகர்ந்துகொண்டார்.

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். முதலாளி சிரித்தபடியே ரிப்பனை வெட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பெல்ட்டைப் போடுங்க. காலைப் பலகையில வைங்க. கையை மடியில வச்சுக்கங்க, சக்கரத்துல மாட்டிக்கும். டேய் தம்பி, நீ பின்னாடி. மேஸ்திரி, நீங்க பக்கத்துல வாங்க, உங்க வேலையை நீங்களும் பாக்க வேணாமா?”

முதல் அடி சுகமாக ஏறியது. இரண்டாவது அடியில் தம்பியின் செருப்பு வழுக்கியது. முன்சக்கரங்கள் எழும்பின. முதலாளிக்கு வானம் தெரிந்தது.

“புடிடா! டேய், புடி!”

“புடிச்சுட்டுதான் சார் இருக்கேன். நீங்க முன்னால குனிங்க!”

மேஸ்திரியும் தோள் கொடுக்க, மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தார்கள். தம்பி பிரேக்கை அழுத்தினார். முதலாளி பெல்ட்டைக் கழற்றி எழுந்து, வந்த வழியை எட்டிப் பார்த்தார். கிணற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“மேஸ்திரி, எவ்ளோ நீளம் வேணும்னு அக்காவையே கேளுய்யா.”

“பன்னெண்டடி” என்றார் அக்கா, மேஸ்திரி கேட்பதற்குள். “டைல்ஸ் வேணாம். சிமெண்டைச் சொரசொரப்பா விட்டா போதும். பக்கத்துல பிடிச்சுக்கக் கம்பி.”

“அது முடியற வரைக்கும் அக்கா மேசை வாசல்ல இருக்கட்டும். வேலையை வீட்டுக்கெல்லாம் அனுப்ப வேணாம்” என்றார் முதலாளி, யாரையும் பார்க்காமல்.

பிறகு அவர் இறங்க வேண்டியிருந்தது. நடந்துதான் இறங்கினார். சுவரைத் தடவி, பக்கவாட்டில், ஒவ்வொரு காலாக. சுவர் முடிந்த இடத்தில் இன்னும் ஒரு அடி டைல்ஸ் பாக்கி இருந்தது. அங்கே நின்றுவிட்டார்.

அக்கா ஒரு கையால் பெஞ்சைப் பற்றிக்கொண்டு, மறு கையை அவர் பக்கம் நீட்டினார்.