பதிலுக்கு அசைந்த கை

வெர்னா மெல்னிக் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கனடாவில் எங்கள் சின்ன ஊரான டோலின்காவில் இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கிற எல்லோரும் அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான் படித்தார்கள். வேலையை விட்டுப் பதினோரு வருடம் ஆகியும் அவள் குரல் இறங்கவில்லை. சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள். கையும் களவுமாகப் பிடித்தால், "உனக்குக் கண்ணு சரியில்ல மார்லீன், டாக்டரப் பாரு" என்று என்மேலேயே திருப்பிவிடுவாள். இறந்துபோன புருஷனின் கோட்டைத்தான் இன்றைக்கும் போட்டுக்கொண்டு திரிகிறாள். சாலைக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. இந்தப் பக்கம் என் வீடும், அதை ஒட்டி ஓரெஸ்ட் பாபியுக்கின் வீடும்.

குளிர்காலத்தில் எங்கள் ஊரில் மிஞ்சுவது பதினேழு பேர். காசுள்ளவர்கள் அரிசோனா வெயிலுக்குப் போய்விடுவார்கள். மிஞ்சியவர்களில் ஒன்பது பேர் தனிக்கட்டைகள். ஒருமுறை ஒரு கிழவி இடுப்பு முறிந்து இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தாள். அதற்குப் பிறகு வெர்னா ஒரு சட்டம் போட்டாள். தனியாக இருப்பவர்கள் காலை ஒன்பது மணிக்குள் சமையலறைத் திரையை மேலே ஏற்றிவிட வேண்டும். ஏறாத வீட்டுக்குப் போன் போகும். எடுக்காவிட்டால் ஆள் போகும். வெர்னாவின் திரையைப் பார்ப்பது என் பொறுப்பு. ஓரெஸ்டின் திரையை அவள் தன் ஜன்னலிலிருந்தே பார்த்துவிட்டு, கையும் அசைப்பாள்.

இங்கே கை அசைத்தால் பதிலுக்கு அசைக்காமல் யாராலும் இருக்க முடியாது. எதிரே வரும் லாரிக்காரன் முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலாவது எழும்பும். ஓரெஸ்ட் மட்டும் அசைக்கமாட்டான். சட்டம் போட்ட ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. "எருமைக்குக் கை இருந்தா அதுகூடத் தூக்கியிருக்கும்" என்று திட்டிக்கொண்டே வெர்னா வெள்ளிக்கிழமைதோறும் அவனுக்கு பீட்ரூட் சூப் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை, ஒன்பதேகாலுக்கு எனக்குப் போன் செய்தாள்.

"மார்லீன், ஓரெஸ்ட் எனக்குக் கை அசைச்சான்."

"காலையிலயே குடிச்சிட்டியா?"

"சத்தியமா. திரைய ஏத்தினான், நான் அசைச்சேன், அவனும் அசைச்சான். உள்ள இருட்டு, மூஞ்சி தெரியல. கை நல்லாத் தெரிஞ்சுது."

"அப்ப உன்னைக் கட்டிக்கப் போறான்."

"கட்டிக்கட்டும். அந்த வீட்டு நாத்தத்துக்கு ரெண்டாம் நாளே நான் ஓடி வந்துடுவேன்."

இருவரும் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை ஓரெஸ்டின் திரை ஏறவில்லை. போனை எடுக்கவில்லை. வெர்னாவும் நானும் போனோம். நிலவறைப் படிகளின் அடியில், கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி, உறைந்து கிடந்தான். வழுக்கி விழுந்துவிட்டான் பாவம் என்றுதான் நினைத்தோம். முக்கால் மணி நேரம் கழித்து போலீஸ் வந்தது. மறுநாள் காலை நானும் வெர்னா வீட்டில் இருந்தபோது இளம் அதிகாரி ஒருவன் வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"விழுந்ததுல சாகலம்மா. தலையில யாரோ அடிச்சிருக்காங்க. திங்கக்கிழமை ராத்திரியே உயிர் போயிருக்கு."

வெர்னா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"செவ்வாய், புதன், வியாழன், மூணு நாளும் திரை ஏறிச்சே" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்ப நான் யாருக்குக் கை அசைச்சேன்?"

வெளியாளுக்குத் திரைச் சட்டம் தெரியாது. பிணம் கிடக்கிற வீட்டுக்குள் தினமும் நுழைந்து திரையை ஏற்றி இறக்கியவன் எங்களில் ஒருவன். வெர்னா கை அசைத்ததும் பழக்கதோஷத்தில் அவன் கையும் எழுந்துவிட்டது. அதை அவள் பார்த்தாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனான். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டான். பத்து மணிக்கு ஊர்மன்றத்தில் எல்லோரும் காபி குடிக்கக் கூடுவது வழக்கம். வெர்னா உட்கார்ந்து இரண்டு மிடறு குடிப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மேசைக்குக் கீழே நான் அவள் காலை மிதித்தேன். பலனில்லை.

எல்லோரும் எல்லோருடைய கைகளையும் பார்த்தோம்.

"ஆம்பளக் கையா, பொம்பளக் கையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கிளவுஸ் போட்டிருந்துச்சா ஆன்ட்டி?" என்று கேட்டபடி டாரில் கோஸ்டிக் அவள் கோப்பையில் காபி ஊற்றினான். ஊரில் எல்லார் வீட்டு வாசலிலும் பனி தள்ளுகிறவன் அவன். ஆறு வயதிலிருந்து அவள் பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து போனவன்.

"நல்லா யோசிச்சா எல்லாம் ஞாபகம் வரும்" என்றாள் வெர்னா. ஒன்றும் ஞாபகம் வராது. எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்கிற மிதப்பில் சொல்லிவிட்டாள்.

திரும்பி நடக்கும்போது, "உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடக் கூடாதா?" என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அன்று மாலை நான்கு மணிக்குப் பல்துலக்கும் பிரஷோடு பின்பக்கச் சந்து வழியாக என் வீட்டுக்கு வந்தாள். கார் அவள் வீட்டிலேயே நின்றது. "எனக்கு ஒண்ணும் பயமில்ல. நீ தனியா இருக்கியேன்னு வந்தேன்" என்றாள். சீட்டு எடுத்துப் போட்டேன். அன்றைக்கு ஒரு ஆட்டத்தில்கூட அவள் ஏமாற்றவில்லை. எனக்கு நிஜமாகவே பயம் வந்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை எட்டே முக்கால். இன்னும் சரியாக விடியவில்லை. விளக்குப் போடாமல் என் சமையலறை மேசையில் காபியோடு உட்கார்ந்திருந்தோம். எதிரே அவள் வீட்டுத் திரை இறங்கியே இருந்தது.

"ஒம்போதுக்கு அது ஏறலைன்னா ஊரு பதறிடும். நான் இங்க இருக்கேன்னு ரெண்டு பேருக்குப் போன் பண்ணிடு" என்றாள்.

நான் போனை எடுக்கத் திரும்பினேன். "மார்லீன்" என்றாள். அது அவள் குரலாகவே இல்லை.

அவள் வீட்டுத் திரை மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், நேராக, முழுதாக ஏறி நின்றது. பின்னால் இருட்டில் ஓர் உருவம். மேசைமேல் இருந்த வெர்னாவின் வலது கை தானாக எழும்பியது. நான் அதைப் பிடித்து அமுக்கினேன். அப்படியே இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

போலீசுக்குப் போன் செய்தேன். முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். சாப்பாட்டு மேசையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தோம். இரண்டு கிழவிகள் தள்ளி வைத்த மேசை யாரைத் தடுக்கும்?

"எனக்காகக் காத்துக்கிட்டிருக்கான்" என்று கிசுகிசுத்தாள். "திரை ஏறலைன்னா நீ வந்து கதவத் தட்டுவேன்னு அவனுக்குத் தெரியும். அதான் ஏத்திட்டான். யாருடி அது?"

மிச்சமுள்ள பதினான்கு முகங்களையும் ஒவ்வொன்றாக அந்த ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. எல்லாமே பொருந்தின.

சத்தமில்லாமல் இரண்டு வண்டிகள் வந்தன. டாரிலைக் கைவிலங்கோடு வெளியே கொண்டுவந்தார்கள். இரும்புக் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு, வெர்னாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தானாம். வரும்போது பூட்ஸைக் கழற்றிக் கதவோரப் பாயில் ஒழுங்காக வைத்திருந்தான். கொல்ல வந்தவனுக்கும் அடுத்தவர் வீட்டுத் தரையை அழுக்காக்க மனம் வரவில்லை.

அரிசோனா போனவர்கள் சாவியை அவனிடம்தான் விட்டுப்போவார்கள். அந்த வீடுகளிலிருந்து துப்பாக்கி, வெள்ளிச் சாமான் என்று எடுத்து விற்றிருக்கிறான். ஓரெஸ்ட் பார்த்துவிட்டான். "வெள்ளிக்கிழமைக்குள்ள காபி மேசையில நீயே சொல்லு, இல்லைன்னா நான் சொல்வேன்" என்றானாம். வியாழன் இரவு டாரில் சஸ்கட்டூன் நகரத்தில் நாலு பேர் பார்க்கும்படி சுற்றினான். ஓரெஸ்ட் அன்றிரவு தவறி விழுந்து செத்ததாக நாங்கள் நம்ப வேண்டும் என்பது அவன் கணக்கு.

அன்று மாலை வெர்னா தன் வீட்டுக்குப் போகவில்லை. வெகுநேரம் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் தட்டியிருந்தா திறந்திருப்பேன் மார்லீன். காபி போட்டுக் குடுத்திருப்பேன்."

"விடு."

"கேளு. நேத்து சாயங்காலம் பயம் தாங்காம மொதல்ல அவனுக்குத்தான் போன் போட்டேன். ராத்திரி வந்து துணைக்குப் படுத்துக்கடான்னு சொல்லலாம்னு. ரெண்டு தடவ போட்டேன். ரெண்டு தடவையும் பிஸி. அதுக்கப்புறம்தான் உன்கிட்ட வந்தேன்."

நான் எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். என் முகத்தை அவள் பார்க்கக் கூடாது என்று இருந்தது. அந்த நேரத்தில் டாரிலோடு போனில் பேசிக்கொண்டிருந்தது நான். வாசற்படியில் பனி ஏறிக் கிடக்கிறது, காலையில் வந்து தள்ளிவிடுகிறாயா என்று கேட்டிருந்தேன். சரி என்றவன், வெர்னா ஆன்ட்டி எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தான். பயந்துபோயிருக்கிறாள், எதுவும் பார்த்ததாகத் தெரியவில்லை, ஆனால் மெல்ல மெல்ல ஞாபகம் வரும் என்று நான்தான் சொன்னேன்.

அதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.