கேப்டன் நாகுராவுக்குக் குரல் கொடுத்தவன்

என் தம்பி கென்சாகு தொலைக்காட்சியில் முதன்முதலாகக் கொடுத்த குரல் ஒரு தும்மல். 1998 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. ரயில் பெட்டியில் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கும் பயணி தும்முவார். முகம்கூடச் சரியாக வரைந்திருக்க மாட்டார்கள். மறுநாள் தொழிற்சாலையில் நான் எல்லோரிடமும் சொன்னேன்.

"உன் தம்பி நடிச்சானா, இல்ல நிஜமாவே சளி பிடிச்சிருந்ததா?" என்று எதிர்மேசைப் பெண் கேட்டாள். அன்று முழுவதும் யார் தும்மினாலும் கைதட்டினார்கள்.

எங்கள் ஊர் யாயிசு. அப்பா சூரை மீன் படகில் போனவர். நான் ஒன்பதாம் வகுப்பு முடித்த வருடம் தளத்தில் விழுந்து இடுப்பு உடைந்து கரையோடு நின்றுவிட்டார். நான் மாசிக் கருவாடு போடும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அவித்த சூரையைப் பிளந்து, சிறு இடுக்கியால் முள் எடுக்கும் வேலை. ஒரு முள் தங்கினாலும் புகை போடும்போது துண்டு அந்த இடத்தில் வெடிக்கும். முப்பது வருடத்தில் என் மேசைக்குத் திரும்பி வந்த துண்டுகள் எத்தனை என்று என்னால் சொல்ல முடியும். என்னைவிட ஆறு வயது இளைய கென்சாகு உயர்நிலைப் பள்ளிக்குப் போனான்.

அங்கே கால்பந்துக் குழுவில் தொண்ணூறு பேர். ஆட்டத்துக்குப் பெயர் கொடுப்பது இருபது பேருக்குத்தான். மூன்று வருடமும் கென்சாகு அந்த இருபதில் வரவில்லை. மற்றவர்களோடு பார்வையாளர் படிகளில் நின்று, தாளம் தட்டி, ஆடுகிறவர்களின் பெயரைச் சொல்லிக் கத்துவான். நான் ஒரே ஒரு ஆட்டத்துக்குப் போனேன். அப்போது மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த கோல்கீப்பர் ஒருமுறை அவன் குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவு தூரம் போகும் குரல்.

பள்ளி முடிந்ததும் டோக்கியோ போனான். குரல் நடிப்புப் பயிற்சிப் பள்ளி, பகலில் பார்சல் கிடங்கு. தும்மலுக்குப் பிறகு 'மாணவன் இரண்டு', 'காவலர்', 'பேக்கரிக்காரர்'. பெயருள்ள வேடம் மூன்று முறை கிடைத்தது. மூன்று முறையும் அந்தப் பெயர்க்காரர் அதே வாரத்தில் செத்துப்போனார்.

அதனால் 2006 பிப்ரவரியில் அவன் போன் செய்தபோது எனக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை.

"அக்கா, வேஷம் கிடைச்சிருச்சு. கால்பந்து அனிமே. பள்ளிக்கூட டீமோட கேப்டன்."

"பேரு இருக்கா?"

"இருக்கு. நாகுரா."

"எத்தனாவது வாரம் சாகறான்?"

"அக்கா! அவன் கேப்டன். ஒரு வருஷத்துக்கு இருக்கான். நல்லாப் போனா மேலயும் இருப்பான்."

"உனக்கு முப்பத்திரண்டு வயசு. பதினேழு வயசுப் பையனா பேசப்போறியா?"

"மைக்குக்கு என் தலைமுடி தெரியாதே."

நாகுரா பெரிய ஆட்டக்காரன் இல்லை. அந்தக் கார்ட்டூன் தொடரில் கோல் போடுவதற்கு வேறு பையன் இருந்தான். குழந்தைகள் பையில் ஒட்டிக்கொண்டதெல்லாம் அவன் படத்தைத்தான். நாகுரா நடுவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவான். மற்ற கேப்டன்கள் கத்துவார்கள், இவன் கூப்பிடுவான் என்று கென்சாகு சொல்வான். பெயருக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு விட்டுத்தான் கூப்பிட வேண்டுமாம். அப்போதுதான் கூப்பிடப்படுகிறவன் திரும்பத் தயாராக இருப்பானாம். ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு நான் அந்த மூச்சைக் கேட்பதற்காகவே உட்கார்ந்திருப்பேன்.

ஒலிப்பதிவு அறையில் நைலான் சட்டை போடக் கூடாது, அசைந்தால் சரசரக்கும். அதனால் நான் பருத்திச் சட்டைகளைப் பலமுறை அலசி, மிருதுவாக்கி அனுப்புவேன். பத்துப் பதினைந்து பேருக்கு நான்கே மைக்குகள். தன் வசனம் வரும்போது காலடி கேட்காமல் முன்னால் போய், முடிந்ததும் பின்வாங்கி அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். தன் வயிறு கத்திவிடாமல் இருக்க, போகும் முன் ஒரு சோற்று உருண்டையும் பாதி வாழைப்பழமும் சாப்பிடுவான். மீதிப் பாதி யாராவது புதுப் பையனுக்கு.

மூன்று வருடம் நன்றாகப் போனது.

2009 ஜனவரியில் குரல் கரகரத்தது. வேலை அதிகம் என்று நினைத்தான். மே மாதம் டாக்டர், புற்றுநோய், குரல்வளையை முழுவதும் எடுத்தாக வேண்டும் என்றார். நான் லீவு சொல்லிவிட்டு டோக்கியோ போனேன். அவன் அறையில் தரையில் உட்கார்ந்து சட்டை மடித்துக்கொண்டிருந்தான்.

"செப்டம்பர்ல கடைசி ஆட்டம் பதிவு பண்றாங்க," என்றான். "அதோட தொடர் முடியுது. அது வரைக்கும் தாங்குமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. காலண்டரை எடுத்து ஜூன்ல ஒரு தேதியைக் காட்டினாரு."

"அப்ப ஜூன்தான்."

"நாலு மாசம் அக்கா. கடைசி ஒரே ஒரு ஆட்டம்."

"டேய், நீ போயிட்டா அந்த ஆட்டத்தை நான் யார்கூட உட்கார்ந்து பாக்கறது?"

அவன் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தான்.

ஒலி இயக்குநர் இசோபே அம்மாள்தான் ஒரு வழி சொன்னார். கடைசி ஆட்டத்துக்கு வசனம் இன்னும் எழுதவில்லை, படமும் வரையவில்லை. ஆனால் ஆட்டத்தில் நாகுரா என்ன செய்யப்போகிறான்? பெயர் சொல்லிக் கூப்பிடுவான், ஓடுவான், விழுவான், எழுவான். அதையெல்லாம் இப்போதே பதிவு செய்து வைப்போம். நடுவில் வரும் வாரங்களில் நாகுராவுக்கு வசனம் இல்லாமல் எழுதச் சொல்வோம், செப்டம்பரில் இவற்றை எடுத்துப் பொருத்திக்கொள்வோம். அவன் ஜூனுக்குச் சம்மதித்தான்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இசோபே அம்மாளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் கென்சாகு தனியாக நின்றான். திரையில் படம் எதுவும் இல்லை.

பத்துப் பேரின் பெயர்களையும் கூப்பிட்டான். பக்கத்திலிருந்து, தூரத்திலிருந்து, ஓடிக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே. கோல்கீப்பர் உசுயியை மட்டும் பதினொரு விதமாக. பந்து கை தவறியபோது, பிடித்தபோது, அவன் பயந்திருக்கும்போது. பிறகு நடுவரிடம் முறையிடும் ஒரு வார்த்தை.

"கென்சாகு," என்று ஒலிப் பொறியாளர் மைக்கில் சொன்னார், "நடுவர்கிட்ட இவ்ளோ மரியாதையா சண்டை போடற கேப்டனை நான் பாத்ததே இல்ல."

"எங்க ஊர்ல நடுவர் மீன் மார்க்கெட் தலைவரோட மருமகன் அண்ணே. அப்பவே பழகிப்போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததால் அவனுக்கு இருமல் வந்து ஐந்து நிமிடம் நிறுத்த வேண்டியதாயிற்று.

பகல் பன்னிரண்டரைக்கு இசோபே அம்மாள், "இப்ப இறுதி விசில்," என்றார்.

"நாங்க ஜெயிச்சோமா, தோத்தோமா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"எழுத்தாளருக்குக்கூடத் தெரியாதா?"

"ரெண்டையும் குடுங்க கென்சாகு."

முதலில் ஜெயித்தான். இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான். தண்ணீர் குடித்தான். பிறகு தோற்றான். அதில் வார்த்தை ஒன்றும் இல்லை. கீழே உட்காரும் ஒரு சத்தம், அப்புறம் வெகுநேரம் மூச்சு. இசோபே அம்மாள் 'போதும்' சொல்ல மறந்துவிட்டார். பொறியாளர்தான் பதிவு விளக்கை அணைத்தார்.

ஒரு மணிக்கு வெளியே வந்தோம். தெருவில் நூடுல்ஸ் கடைக்காரரிடம் அவனே ஆர்டர் சொல்ல வேண்டும் என்று நான் பேசாமல் நின்றேன். சொன்னான்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் திறந்த துளை வழியாக மூச்சு விட்டான். அதை மூட நான் பழைய பருத்திச் சட்டைகளை வெட்டிச் சிறு துணிகள் தைத்தேன், ஒரு நாளைக்கு மூன்று. ஜூலையில் யாயிசு வந்துவிட்டான். பேசுவதற்குக் கையகலத்தில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் முதல் வாரம் எழுதியதெல்லாம் சாப்பாட்டைப் பற்றிய குறைகள்.

ஆகஸ்ட் 22ஆம் தேதி இசோபே அம்மாள் ரயிலேறி வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு பெட்டி இனிப்பும் கடைசி ஆட்டத்தின் வசனப் பிரதியும்.

"ஒரு இடத்துல மாட்டிக்கிட்டோம்," என்றார். "எண்பத்தேழாவது நிமிஷம். சாதாரணப் பந்து, உசுயி கையிலேர்ந்து நழுவி உள்ள போயிடுது. நாகுரா அவன்கிட்ட நடந்து போறான். போய்ப் பேசறான்."

நான் பிறகு கடிகாரத்தை வைத்துப் படித்துப் பார்த்தேன். ஒரு நிமிடம் நாற்பது வினாடி பேச்சு. மூன்று மணி நேரம் பதிவு செய்த கூப்பாடுகளிலிருந்து அதை எடுக்க வழியே இல்லை.

இசோபே அம்மாள் இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, பேச்சை வெட்டிவிடுவது. நாகுரா வந்து உசுயியின் பெயரைக் கூப்பிட்டு, தோளில் தட்டிவிட்டுத் திரும்புவான். அப்படியானால் ஆட்டம் முழுக்க கென்சாகுவின் குரல். இல்லையென்றால் மினகி என்ற புதுப் பையன் பேசுவான். ஒரே ஆட்டத்தில் கேப்டனுக்கு இரண்டு குரல் இருக்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் மினகியே பேசுவான். ஜூனில் பதிவு செய்தது பெட்டியிலேயே இருக்கும்.

"எழுத்தாளர் வெட்டச் சம்மதிச்சுட்டாரு. நீங்க சொன்னா போதும்."

கென்சாகு அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனான். பழக்கதோஷம், தாள் சத்தமே வராமல் திருப்பினான். அந்தப் பேச்சு இப்போதும் எனக்கு மனப்பாடம்.

"கையைப் பாக்காத உசுயி, என்னைப் பாரு. அது பத்துப் பேரைத் தாண்டி வந்த பந்துடா. மொதல்ல விட்டது நான். பத்துப் பேரு விட்டதை நீ ஒருத்தன் தூக்கிக்கிட்டு நிக்கணும்னு யார் சொன்னது?" இப்படிப் போகும்.

அவன் திரும்பி வந்து பலகையில் எழுதினான். *வெட்ட வேண்டாம். மினகி பேசட்டும்.*

"கென், யோசிச்சு எழுது," என்றேன்.

*தோள்ல தட்டினா போதாது.*

"போதும்! யாருக்குத் தெரியும் அங்க ஒரு பேச்சு இருந்துச்சுன்னு? தொண்டை கிழிய மூணு மணி நேரம் நின்னியே, நான் பாத்தேனே!"

*உசுயிக்குப் பதினாறு வயசு. ஒருத்தன் போய்ப் பேசணும்ல.*

"உசுயி ஒரு படம்டா! நாகுராவும் படம். ரத்தமும் சதையுமா இருக்கறவன் நீ. உன் பேரு கடைசி வரைக்கும் இருக்கணும்."

அவன் மறுபடி எழுதினான். *பேசாம திரும்பி வர்றவன் கேப்டன் இல்ல.*

நான் பலகையைப் பிடுங்கி, சட்டைக் கையால் துடைத்துவிட்டேன்.

துடைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்குப் புரிந்தது. இசோபே அம்மாள் தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கென்சாகு கோபப்படவில்லை. கையை நீட்டினான். பலகையைக் கொடுத்தேன். அதே வார்த்தைகளை, அதே அளவு எழுத்தில் மறுபடி எழுதி இசோபே அம்மாள் பக்கம் திருப்பினான். அவர் தரையில் கை ஊன்றி, தலை தாழ்த்தி வணங்கினார்.

நவம்பர் 29, ஞாயிறு. இருவரும் சேர்ந்து பார்த்தோம். மினகி கவனமான பையன். மூன்று வருடப் பதிவுகளையும் கேட்டிருக்க வேண்டும். பெயருக்கு முன்னால் அந்தச் சின்ன மூச்சைக்கூட எடுத்துக்கொண்டிருந்தான். எண்பத்தேழாவது நிமிடம் பந்து நழுவியது. நாகுரா நடந்து போனான். நான் திரையைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தேன். அவன் உதடுகள் அசைந்தன. மினகி ஒவ்வொரு வரியையும் தொடங்குவதற்குச் சற்று முன்பே கென்சாகு தொடங்கினான். கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது.

அவர்கள் தோற்றார்கள். பெயர்கள் ஓடின. நாகுரா என்பதற்கு நேராக மினகி என்று இருந்தது. கென்சாகு பலகையில், *நல்லாப் பண்ணிட்டான்*, என்று எழுதிவிட்டுக் குளிக்கப் போனான். நான் தொலைக்காட்சியை அணைத்தேன்.

மறுநாள் கடைத்தெருவில், மீன் அப்பம் விற்கும் ஒகுமுரா எங்களைப் பார்த்ததும் எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார். கண் சிவந்திருந்தது.

"கென்சாகு! நேத்து பாத்தேன்யா. என் பையன் பள்ளிக்கூட டீம்ல கோல்கீப்பர், தெரியும்ல. போன மாசம் ஒண்ணு விட்டுட்டான். அதுலேர்ந்து என்கிட்டக்கூடப் பேசல. நேத்து நீ அந்தப் பையன்கிட்டப் பேசினியே, என் பையன் எழுந்து வெளியில போயி அழுதுட்டு வந்து சோறு கேட்டான். இத்தனை வருஷத்துல உன் குரல் இவ்ளோ நல்லா இருந்ததே இல்லய்யா. ஆபரேஷனுக்கு முன்னாடியே பேசி வச்சதுதானே?"

நான் வாயைத் திறந்தேன். அது என் தம்பியின் குரல் இல்லை, அவன் பேசியது பெட்டியில் கிடக்கிறது, உங்கள் பையன் கேட்டது வேறொருவனை என்று சொல்லத்தான் திறந்தேன். கென்சாகுவின் விரல்கள் என் சட்டைக் கையைப் பிடித்தன. பலகை அவன் பையில்தான் இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

ஒகுமுராவைப் பார்த்து, இடுப்பு வரை குனிந்து, நன்றி சொல்கிறவனைப் போல நெடுநேரம் வணங்கினான்.

நானும் அவன் பக்கத்தில் நின்று குனிந்தேன்.