என் மகன் துபாயிலிருந்து வந்த நாள்

எங்கள் வள்ளத்து வலையை அறுத்துவிட்டார் என்று விசைப்படகுக்காரர் ஒருவரை என் மகன் அடித்துவிட்டான். அவருக்குக் கை முறிந்துபோனது. ஜாமீனுக்கு நிற்க ஆள் கிடைக்காமல், வழக்கு முடிகிற வரைக்கும் அவன் ஜெயிலிலேயே கிடந்தான். பிள்ளைகளை யாரும் கேலி பண்ணிவிடக் கூடாதென்று, அவன் துபாய்க்கு வேலைக்குப் போயிருப்பதாக மருமகள் தெருவெல்லாம் சொல்லிவைத்தாள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வாய் வராது. கேட்டவர்களிடம் தலையை மட்டும் ஆட்டுவேன்.

தீர்ப்பன்று ஜட்ஜ் ஒரு வருஷம் ஜெயில் என்றார். இன்னும் ஒரு வருஷமா என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். வக்கீல் என் பக்கம் குனிந்தார்.

"அழாதீங்கம்மா. இதுவரைக்கும் உள்ள இருந்ததைத் தண்டனையில கழிச்சிருவாங்க. அவன் அதுக்கு மேலயே இருந்துட்டான். இன்னைக்கே வந்துருவான்."

அழுகை நின்ற வேகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கோர்ட்டில் சிரிக்கலாமா? பெண் போலீஸ் முறைக்க முறைக்க இன்னும் கூடியது. மருமகள் என்னை வெளியே இழுத்துவந்து, அவளும் சிரித்தாள். பிறகு திடீரென்று நெஞ்சில் கை வைத்தாள்.

"அத்தை, துபாய்ல இருந்து வாரவுக வெறுங்கையோடயா வருவாக?"

அதுவும் நியாயந்தானே. பஜாருக்கு ஓடி, டப்பா பேரீச்சம்பழமும் ஒரு சென்ட் பாட்டிலும் வாங்கினோம். சாயங்காலம் ஜெயில் வாசலில் அவன் கையில் அதைத் திணித்து விவரம் சொன்னதும், அங்கேயே குந்தி உட்கார்ந்து சிரித்தான். கடல் வெயில் படாமல் ஆள் வெளுத்திருந்தான். ஆட்டோவில் மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்ததில், டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

தெருவில் இறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரி வந்துவிட்டாள். ஏசியிலேயே இருந்தானா, இப்படி வெளுத்துட்டானே, எந்த பிளேனில் வந்தான் என்று கேட்டாள். மருமகள் மதுரை பிளேன் என்று ஆரம்பித்தாள். மகன் வந்த சந்தோஷத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பிளேனும் இல்ல ஒண்ணும் இல்லளா. ஜெயில்ல இருந்து வாரான். தண்டனை சொல்லுததுக்கு முன்னாலயே இருந்து முடிச்சுட்டான்."

மருமகள் தலையில் கை வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி அசரவில்லை.

"அது தெருவுக்கே தெரியும் மயினி. அந்த சென்ட்ட இங்கன கொஞ்சம் அடிங்க" என்று கையை நீட்டினாள்.

என் மகன் அவள் கை நனைய நனைய அடித்தான்.