பால் குடிக்கும் நேரத்தில் ஒரு கொலை

பேருந்து நிலையத்தின் முன்பதிவுக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வைத்திருந்த பெயர் 'நடுப்பக்கம்'. எப்போது எட்டிப் பார்த்தாலும் அவள் மடியில் ஒரு புத்தகம் நடுவில் பிளந்து கிடக்கும். கண்ணாடித் தடுப்பின் அடியில் இருக்கும் அரைவட்ட ஓட்டை வழியாக ஒரு கை நுழைய வேண்டியதுதான், வாக்கியத்தின் நடுவில் இடது கட்டைவிரலை ஊன்றிவிட்டு, வலது கையால் டிக்கெட்டையும் சில்லறையையும் தள்ளி, "மூணாவது மேடை, ஓடுங்க" என்று விரட்டிவிட்டு, விட்ட சொல்லிலிருந்து தொடர்வாள். தனக்காக ஒரு கொலைகாரன் ஓங்கிய கத்தியோடு காத்து நின்றான் என்பது எந்தப் பயணிக்கும் தெரியாது.

இந்தத் திறமையை நம்பித்தான் அவள் பிள்ளை பெறுவதைப் பற்றிக் கவலையே படவில்லை. பேறுகால விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்று நூலகத்துக்குப் போய், பை பிதுங்கும் அளவுக்குத் துப்பறியும் நாவல்களை அள்ளிக்கொண்டாள்.

"குழந்தைன்னா என்ன, அதுவும் ஒரு பயணிதானே. வரும், கேக்கும், குடுத்தா போயிடும்" என்று பக்கத்துக் கவுன்ட்டர்க்காரியிடம் சொன்னாள்.

பக்கத்துக் கவுன்ட்டர்க்காரி மூன்று பெற்றவள். சிரித்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம்.

பயணி வந்தாள். பெண். கேட்டாள், கொடுத்தார்கள், போகத்தான் இல்லை. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கவுன்ட்டர் மேலேயே படுத்துவிட்ட பயணியை என்ன செய்வது என்று எந்தத் துப்பறிவாளனும் எழுதி வைக்கவில்லை.

ஆனாலும் ஒரு நேரம் கிடைத்தது. பால் குடிக்கும் நேரம். ஜன்னலோரம் கைப்பிடி வைத்த நாற்காலி, மடியில் தலையணை, தலையணை மேல் குழந்தை. எதிரே ஒரு முக்காலியில் புத்தகம், இரண்டு பக்கமும் துணி காயப்போடும் கிளிப். முழங்கைதான் அந்தரத்தில் தொங்கியது. அதற்கும் வழி பிறந்தது. கணவன் ஆசையாக வாங்கி வந்த 'குழந்தை வளர்ப்பு' என்ற செங்கல் கனப் புத்தகம் முழங்கைக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அதை எழுதியவர் குழந்தைகளுக்குச் செய்த பேருதவி, அதைக் கெட்டி அட்டை போட்டு வெளியிட்டதுதான்.

கணவன் கண்ணாடிக் கடையில் விற்பனையாளன். படித்துப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள் புண்ணியத்தில் சோறு தின்பவன். "இப்படிப் படிச்சா கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்று காலையிலும் கேட்பான், மாலையிலும் கேட்பான். "உங்க கடைக்குத்தான் வருவேன், தள்ளுபடி போட்டுக் குடுங்க" என்பாள் அவள்.

அவள் படித்துக்கொண்டிருக்க, குழந்தை பாட்டுக்குக் குடிக்கும். அவசரம் இல்லாத தாய், அவசரம் இல்லாத குழந்தை. குடித்து முடித்துத் தானாகவே வாயை விட்டு, குடிகாரன் மாதிரித் தலை சாய்த்துத் தூங்கும். சுகாதார நிலையத்தில் எடை போட்டபோது நர்ஸ், "அடேயப்பா, நல்லா ஏறியிருக்காளே" என்று கன்னத்தைத் தட்டினாள்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் கதை இல்லை. பால் நேரத்துக்கு என்று ஆரம்பித்த புத்தகம் மற்ற நேரங்களிலும் கால் நீட்டியது. வைர வியாபாரியைக் கொன்றவன் தோட்டத்துச் சுவர் ஏறும் இடத்தில் தொட்டிலில் கிடக்கும் குழந்தை நனைத்துவிட்டுக் கத்தும். "இரு, இந்தப் பக்கம் முடியட்டும்" என்பாள். பக்கம் முடிந்தால் அடுத்த பக்கம் இருக்கிறதே. முன்பின் தெரியாத பயணிக்காக நடு வாக்கியத்தில் நின்றவள், பெற்ற பிள்ளைக்காக அத்தியாயம் முடியாமல் எழுந்திருக்கவில்லை. குழந்தையின் புட்டம் சிவந்து தடித்தது. இதில் அவளுக்குப் பரிந்து பேச ஒன்றுமில்லை. ஈரத்துணியில் கிடக்கிறவளுக்குக் கொலைகாரன் யாராக இருந்தால் என்ன?

தடிப்பைப் பார்த்த கணவன் துணியை மாற்றினானா என்றால், இல்லை. அக்காவுக்குப் போன் போட்டான்.

அக்கா ஒரு பெண்கள் விடுதியின் வார்டன். பறிமுதல் செய்வது அவள் தொழில். விடுதிப் பெண்களிடமிருந்து அவள் பறிக்காதது அவர்கள் தலைமுடி மட்டும்தான். பறித்ததெல்லாம் எங்கே போகும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலேயே தெரியும். வந்து இறங்கிய அன்று அவள் பத்து விரலிலும் மின்னிய நகப்பூச்சு ஏதோ ஒரு இருபது வயதுக்காரி தேர்ந்தெடுத்த நிறம்.

பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கிளிப்பைக் கழற்றிப் புத்தகத்தை எடுத்துவிட்டாள்.

"பால் குடுக்கறப்ப குழந்தை முகத்தைப் பாக்கணும். பாத்தாத்தான் பாசம் வரும். பாசம் வந்தாத்தான் பால் வரும்."

"யார் சொன்னாங்க அண்ணி?"

"யாராவது வேற சொல்லணுமா? நான் சொல்றேன்."

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் கணவன். நாவலை அலமாரி உச்சியில் வைத்துவிட்டதாக நாத்தனார் அறிவித்தாள். பிரசவித்த உடம்போடு நாற்காலி போட்டு ஏறி யார் பார்ப்பது?

நடுப்பக்கம் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம்தான். ஆனால் அதில் அத்தியாயம் மாறுவதாக இல்லை. நாத்தனார் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் நின்றாள். கொஞ்ச நேரம் போனதும், "போதும் போதும், வயிறு நெறஞ்சுடுச்சு. பாரு, கண்ணு சொருகுது" என்று மின்னும் சுண்டுவிரலைக் குழந்தையின் கடைவாயில் விட்டு நெம்பி எடுத்துத் தொட்டிலில் போட்டுவிடுவாள். உடனே, "அப்பாடா, இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். குழந்தை சிணுங்கி, களைத்து, தூங்கி, சற்று நேரத்தில் பசியோடு எழுந்து வீட்டைக் கூட்டும். துணி மட்டும் நேரத்துக்கு மாறியது, அதுவும் தாயின் கையால். புட்டத்தின் தடிப்பு அடங்கியது. அந்தப் பெருமையையும் நாத்தனாரே எடுத்துக்கொண்டாள்.

அடுத்த முறை எடை போடக் குடும்பமே போனது. நர்ஸ் தராசின் முள்ளைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், மறுபடி முள்ளைப் பார்த்தாள்.

"என்னங்க இது? போன தடவை நின்ன இடத்துலயே நிக்குதே."

"எல்லாம் புத்தகத்தால வந்தது சிஸ்டர்" என்றான் கணவன்.

"ஏன், குழந்தை புத்தகத்தையா தின்னுது?" அவனை ஒதுக்கிவிட்டுத் தாயிடம் திரும்பினாள். "பால் குடிச்சிட்டுத் தானா விடறாளா? நீங்க எடுத்துடறீங்களா?"

நடுப்பக்கம் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தை அன்றுதான் எழுத்துக் கற்றுக்கொண்டவள் போலப் படித்துக்கொண்டிருந்தாள்.

"தானா விடற வரைக்கும் விடுங்க" என்றாள் நர்ஸ். "அடுத்த தடவையும் ஏறலைன்னா டாக்டர்கிட்ட அனுப்புவேன். மாவுப்பால் பத்தி யோசிக்க வேண்டியிருக்கும்."

வீடு திரும்பும் பேருந்திலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

"நீ வேலைய விட்டுடு" என்றான் கணவன். "லைப்ரரி கார்டையும் திருப்பிக் குடுத்துடலாம். அக்கா நம்மகூடவே இருந்து பாத்துக்கட்டும்."

"எனக்கு லீவு நிறைய கிடக்கு" என்றாள் அக்கா. "இல்லாட்டி போட்டுக்கறேன். தம்பி பிள்ளைக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?"

நடுப்பக்கம் கணக்குப் போட்டாள். கவுன்ட்டர் போகும், புத்தகம் போகும், நாத்தனார் மட்டும் போகமாட்டாள். அது கிடக்கட்டும், மடியில் இருப்பவளின் தொடை போன வாரத்தைவிட ஒல்லியாகத் தெரிந்தது. புத்தகம் இருந்தபோது ஏறிய எடை அதைப் பிடுங்கிய பிறகு ஏன் ஏறவில்லை? குழந்தையை நெம்பி எடுப்பது யார் என்பது தெரிந்ததே. ஏன் அத்தனை அவசரம் என்பதுதான் விளங்கவில்லை. இடுப்பு வலிக்காரி படுக்க இப்படி ஓடுவாளா? கவுன்ட்டரில் காலம் தள்ளியவளுக்கு ஒன்று தெரியும். பரபரக்கிறவர்களுக்கு எங்கேயோ ஒரு வண்டி புறப்படத் தயாராக நிற்கும். நாத்தனாருக்கு எந்த வண்டி?

வீட்டுக்கு வந்ததும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஊர்க்கதை பேசுவது போல நாத்தனாரின் வாயைப் பிடுங்கினாள்.

"அந்த நாவலை நீங்க எடுத்து வச்சதே நல்லதாப் போச்சு அண்ணி. அதுல இனிமே என்ன இருக்கு? டாக்டர் செத்ததோட எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"டாக்டர் எங்கடி செத்தாரு? அவரு ஓடிப்போய் அந்தப் பழைய கிடங்குல ஒளிஞ்சுக்கிட்டுல்ல—"

வாய் அப்படியே நின்றது. நகப்பூச்சு விரல் உதட்டுக்குப் போனது, அதற்குள் வார்த்தை ஊரைத் தாண்டிவிட்டது.

தேநீர்க் கோப்பையோடு வந்த கணவன் பதறினான். "எந்த டாக்டர்? நம்ம டாக்டரா? செத்துட்டாரா?"

நடுப்பக்கம் நாத்தனாரை விடவில்லை.

"எந்த இடத்துல இருக்கீங்க அண்ணி?"

நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டு, விடுதியில் மாட்டிய பெண்ணின் குரலில் சொன்னாள். "சமையல்காரன் வாக்குமூலம் குடுக்கறான்."

"நான் விட்ட இடத்தையும் தாண்டியாச்சா?"

அவளுக்கு முதலில் வந்த கோபம் குழந்தைக்காக வரவில்லை என்பதை மறைத்துப் பயனில்லை. இரண்டாவதாக வந்த கோபம் குழந்தைக்காக வந்தது. அது பெரியதாக இருந்தது.

"சமையல்காரன் வாக்குமூலம் குடுக்க என் பொண்ணு அரை வயித்தோட எழுந்திருக்கணுமா? பசியில அழுதாளே, கதவைச் சாத்திக்கிட்டுப் படிச்சீங்களே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு" என்றாள் நாத்தனார். "இந்தப் பக்கம் முடியட்டும்னு..."

நடுப்பக்கத்துக்குச் சுருக்கென்றது. அந்த வாக்கியம் அவளுடையது. அதனால் அடுத்த பேச்சில் காரம் கொஞ்சம் குறைந்தது, நிபந்தனை குறையவில்லை.

"புத்தகம் என் கைக்கு வரணும், இப்பவே. அவளா வாயை விடற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது. ஈரம் பண்ணினா நான் நடு வரியில விரலை வச்சிட்டு எழுந்திருப்பேன், கவுன்ட்டர்ல வைக்கற மாதிரி. துணி மாத்தறது என் வேலை." கணவன் பக்கம் திரும்பினாள். "துவைக்கறது உங்க வேலை."

"நானா? எனக்கு அதெல்லாம் பழக்கமே இல்லையே."

"கண்ணு நல்லாத்தானே இருக்கு? கறை தெரியும்ல? அது போதும்."

அவன் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். அக்கா புத்தகத்தை எடுத்துவர உள்ளறைக்குப் போய்விட்டாள். அலமாரி உச்சிக்கல்ல, தலையணைக்கு அடியில் கை விட்டு எடுத்தாள்.

முக்காலி வந்தது, கிளிப் வந்தது, முழங்கைக்கடியில் குழந்தை வளர்ப்பு வந்தது. குழந்தை தன் இஷ்டத்துக்குக் குடித்தாள், நடுவில் தூங்கினாள், விழித்து மறுபடி குடித்தாள். கொலை துலங்கிக்கொண்டே போனது. நாத்தனார் அந்தப் பக்கமாகத் தண்ணீர் குடிக்கப் போவது போலப் போய், முக்காலியின் மேல் ஒரு பார்வை வீசி, பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவாள். தாகம் எடுத்து அலையும் பெண்மணியாகிவிட்டாள் பாவம். கொல்லையில் கணவன் துணி பிழிந்தான். பிழிவதைக் கடையில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தியாகிப் பட்டமும் வாங்கிக்கொண்டான்.

நாவலை முடித்த அன்றே நடுப்பக்கம் அதை நாத்தனார் கையில் கொடுத்தாள். முடிவைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அது பெருந்தன்மை என்று நாத்தனார் நினைத்தாள்.

எடை போடும் நாள் வந்தது. முள் எழுந்தது. நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டே, "அட, பரவாயில்லையே! என்ன பண்ணினீங்க?" என்றாள்.

"படிச்சேன்."

"குழந்தை வளர்ப்புப் புத்தகம் சிஸ்டர்" என்றான் கணவன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

"ஆமா, ரொம்ப தாங்குச்சு" என்றாள் அவள்.

வேலையை விடுவது பற்றியும் நூலக அட்டை பற்றியும் அதன் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை. நாத்தனாருக்கும் விடுப்பு திடீரென்று தீர்ந்துபோயிற்று. கிளம்பும் நாள் காலை, பெட்டி வாசலில் நின்றது. நாவலில் இன்னும் கடைசி அத்தியாயம் பாக்கி. வாடகைக் கார் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று அவள் புத்தகத்தைத் திறந்த நேரம் பார்த்து மாடி வீட்டுக்காரி குழந்தையைக் கொஞ்ச வந்து நின்றாள். வந்தவள் குழந்தையைத் தூக்காமல் போகமாட்டாள், போகாமல் அத்தியாயம் நகராது. ஜன்னலோரத்தில் குழந்தை குடித்துக்கொண்டிருந்தது, நடுப்பக்கம் புதிய நாவலில் மூழ்கியிருந்தாள்.

"போதும் போதும், நெறஞ்சுடுச்சு" என்றபடி நாத்தனார் குனிந்தாள். சுண்டுவிரல் நீண்டது.

நடுப்பக்கம் தலையை நிமிர்த்தவில்லை. "அண்ணி, வியாபாரியைக் கொன்னது யாருன்னா..."

"ஐயோ, சொல்லாதடி! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

விரல் சுட்டுக்கொண்டது போலப் பின்வாங்கியது. மாடி வீட்டுக்காரி, "யாரைக் கொன்னுட்டாங்க?" என்று அலறினாள். நாத்தனார் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "சத்தம் போடாதீங்க, குழந்தை குடிக்கறது தெரியலை? அதுவா விடற வரைக்கும் தொடக்கூடாது. நர்ஸ் சொல்லியிருக்காங்க."

நடுப்பக்கம் பக்கத்தைத் திருப்பினாள். கொஞ்ச நேரத்தில் மடியில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. கொலைகாரன் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தான். அவனை அங்கேயே நிற்கச் சொல்லி வரியின் நடுவில் விரலை ஊன்றிக்கொண்டு, குழந்தை வாயை விடக் காத்திருந்து, விட்டதும் துணி மாற்ற எழுந்தாள்.